சேற்றில் முளைத்த செந்தாமரையாம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் அந்த நாற்பது விநாடி வீடியோ வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும். எனக்கு ஆறு குரூப்பில் வந்தது. "என்னா ஸ்பீச்சு!" என்று கைகூப்பும் பொம்மை போட்டு அனுப்பியவர்களில் மூன்று பேர் தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பேசியவரைவிட இந்த மூன்று பேர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அதை அப்புறம் சொல்கிறேன்.

சாரின் நினைவுக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டை அவரோடு என்று ஆகிவிடும். எனக்குச் சண்டை அவர் சொன்ன வாக்கியத்தோடு. "வட சென்னை மாதிரி ஒரு இடத்தில் எழுபது வருஷம் இருந்தும், இசையையும் இறை நம்பிக்கையையும் விடாமல் காப்பாற்றிய இவர், சேற்றில் முளைத்த செந்தாமரை." உடனே கைதட்டல்.

இருந்தும். அந்த "உம்"மைக் கவனித்தீர்களா? "வட சென்னையில் எழுபது வருஷம் இருந்து" என்று சொல்லியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். சார் எங்களுக்கு எட்டாம் வகுப்பில் உம்மை நடத்தினார். சிறப்பும்மையில் உயர்வும் உண்டு, இழிவும் உண்டு, எது என்பது பேசுகிறவன் மனசில் இருக்கும் என்றார். பேசியவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. சாருக்கு அஞ்சலி சொல்ல வந்த இடத்தில் சார் நடத்திய பாடத்தில் ஃபெயில்.

சாரைத் தெரியாதவர்களுக்காக. 1932இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். வாத்தியார் பயிற்சி முடித்து, 1954இல் ஒரு தகரப் பெட்டியோடும் கிறிஸ்தவப் பாமாலைப் புத்தகத்தோடும் எழும்பூரில் இறங்கினார். 36 வருஷம் ஒரே நடுநிலைப் பள்ளி. நாங்கள் அவருடைய கடைசி எட்டாம் வகுப்பு. சபையில் கால் மிதி ஆர்கன் வாசித்தது மட்டும் ஓய்வு பெறவில்லை, போன ஈஸ்டர் வரைக்கும் வாசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பாட்டுப் பயிற்சி. மழையானாலும், தேர்தலானாலும், இந்தியா பாகிஸ்தான் மேட்ச் ஆனாலும்.

நான் சபைக்காரன் இல்லை. பயிற்சி முடிந்ததும் சார் காசில் பட்டர் பன் கிடைக்கும், அதற்காகப் போனவன். "பாட்டு எவ்வளவு வேணும்னாலும் கத்துக்கோ, ஞானஸ்நானம் மட்டும் வாங்கிட்டு வராத" என்று அம்மா சொல்லி அனுப்பினார். நான் அதை அப்படியே போய் சாரிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயசு, வேறென்ன புத்தி இருக்கும். சார் சிரித்துவிட்டு, "ஏல, உனக்கு சுருதியே இன்னும் வந்து சேரல. ஞானஸ்நானத்துக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார். எழுபது வருஷத்தில் அவருடைய நெல்லைத் தமிழும் எங்கள் பேட்டைத் தமிழும் கலந்து "இன்னால" என்று ஒரு சொல் உருவாகியிருந்தது. அது வேறு எந்த ஊரிலும் கிடைக்காது.

சரி, சேறு விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த இடம் சேறு? திருவொற்றியூரா? அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூன்று பேரும் பாடிய ஊர் அது. வீணை குப்பய்யர் அழைத்து தியாகராஜர் வந்தார். அங்கே இருக்கும் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். ஆரபி, கல்யாணி, சாவேரி, சுத்த சாவேரி, பேகடா. திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று அவற்றுக்குப் பெயரே இருக்கிறது. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்களே, அந்தச் "சுந்தரி" எங்கள் ஏரியாப் பெண்தான்.

மணலி சேறா? இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையின் புகைதான் ஞாபகம் வரும். அந்த மணலியில்தான் முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு வந்து தங்கினார். பையன் முத்துசாமி அங்கிருந்தபடியே கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரன் பேண்டு கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதியதுதான் நோட்டுஸ்வரம். சார் இதை எங்களுக்கு ஆர்கனில் வாசித்தே காட்டுவார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டை வாசிப்பார், அப்புறம் அதே விரல்களில் "சந்ததம் பாஹிமாம்" வரும். "டோ ரே மீன்னாலும் ச ரி கன்னாலும் ஏறுறது ஒரே படிதாம்ல. அவன் மேஜர் ஸ்கேலும்பான், நாம சங்கராபரணம்போம்" என்பார். பாமாலையையும் தீட்சிதரையும் ஒரே மூச்சில் சொல்லித்தந்த ஆள். அதைக் கற்றுக்கொண்டவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள் பெற்ற பிள்ளைகள். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் இருந்தாரே, அதையும் சேறு என்று சொல்லிவிடுவீர்களா? கேட்கக் கூடாது. சொன்னாலும் சொல்வீர்கள்.

"அவர் பாராட்டத்தானே செய்தார், ஏன் இவ்வளவு சென்சிட்டிவ்?" இதைக் கேட்கப் போகும் நண்பர்களுக்கு: உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, "இந்த வீட்டில் இருந்தும் உங்கள் பெண் இவ்வளவு சுத்தமாக இருக்கிறாளே" என்று சொன்னால் காபி கொடுப்பீர்களா? "தாமரைக்குச் சேறுதானே சாப்பாடு, அது பெருமைதானே" என்று ஒரு அண்ணன் நேற்றே போனில் சமாதானம் சொன்னார். அண்ணே, தாமரையைப் பறித்துக்கொண்டு போய் சாமிக்கு வைப்பார்கள். சேற்றுக்கு யாரும் கற்பூரம் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எதற்கெடுத்தாலும் வட சென்னை, தென் சென்னை என்று பிரிக்கிறாய்." ஆமாம். நான்தான் பிரித்தேன். நடுவில் கூவத்தையும் நான்தான் விட்டேன்.

"மதம் பரப்புகிறவர்களுக்கு வக்காலத்தா?" இதற்குப் பதில் கிடையாது. பன் கதையை மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள்.

அப்புறம் ஒரு உறவினர், நிறையப் படித்தவர், நிதானமாகவே கேட்டார். "தொண்ணூத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தார், ஒரு ஆல்பம் உண்டா, ஒரு புஸ்தகம் உண்டா? பெரிய ஆள்னு எப்படிச் சொல்றது?" இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சாருக்கு ஆபிரகாம் பண்டிதர் என்றால் உயிர். சாம்பவர் வடகரையில் பிறந்த பண்டிதரும் ஆரம்பத்தில் வாத்தியார்தான். தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலை, அப்புறம் சித்த வைத்தியம், அந்த வருமானத்தில் இசை மாநாடுகள், 1917இல் கருணாமிர்த சாகரம். சுருதி 22 அல்ல, 24 என்று பெரிய பெரிய வித்வான்களோடு மல்லுக்கட்டியவர். "அவரும் வாத்தியாரு, நானும் வாத்தியாரு. அவரு சாகரம் எழுதினாரு, நான் சாக்பீஸ்ல எழுதினேன்" என்று சார் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தம் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சேறு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். சார் ஆர்கன் வாசித்த சபைக் கோவிலுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்தபோது நிஜமாகவே சேறு, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ஆர்கனின் கீழ்ப்பாதி ஊறிப்போய், துருத்தித் துணி அழுகின அப்பளம் மாதிரி தொங்கியது. அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி இரண்டு பெஞ்சு மேல் வைத்த நாலு பையன்களில் ஒருவன் என் கூடப் படித்தவன். பையன் என்ன பையன், அவனுக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. சாவு வீடுகளில் கானா பாடுகிறவன்.

தகவல் கேட்டு நான் தென் சென்னையில், வேளச்சேரியிலிருந்து நாலாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். கோவில் வாசலில் வெயிலில் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாக விரித்திருந்தது. அதன் மேல் பித்தளை ரீடுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை, நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு. சார் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வளைந்த கம்பியால் ஒன்றொன்றாக இழுத்து எடுக்கிறார். கானாக்காரன் அதை வாங்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேற்றை எடுத்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, "சார், இது மேல் ப" என்கிறான். சார் தலையாட்டியதும் பேப்பரில் பால்பாயின்ட் பேனாவால் நம்பர் போட்டு வைக்கிறான். ஊதினால் ஸ்வரம் சொல்கிறான்! ஆர்கனை ஒருநாளும் வாசித்துப் பார்க்காதவன், வியாழக்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றவன். என்னிடமும் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார் சார். ஊதினேன். என்ன ஸ்வரம் என்று எனக்குத் தெரியவில்லை. "வேளச்சேரி காத்துல காதும் போச்சால" என்றார்.

அந்த உறவினருக்கு என் பதில் இதுதான். ஆல்பம் இல்லை. அந்தக் காது இருக்கிறது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அதே புயலில் வேளச்சேரியிலும் தண்ணீர் நின்றது. என் பிளாட்டின் கீழ்த்தளத்தில் கார்கள் மிதந்தன. அங்கேயும் வடிந்த பிறகு இருந்தது சேறுதான். ஆனால் வேளச்சேரியில் பூத்த எந்தப் பூவையும் யாரும் சேற்றில் முளைத்தது என்று சொல்வதில்லை. அங்கே அதற்குப் பெயர் "வாட்டர் லாகிங்".

எட்டாம் வகுப்பில் சார் எங்களைத் திருவொற்றியூர் கோவிலுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார். தமிழ்ப் பாடத்துக்காக. மகிழ மரத்தடியில் நிற்க வைத்து சுந்தரர் கதை சொன்னார். சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள, உன்னையும் இந்த ஊரையும் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் இந்த மரத்தடியில் சத்தியம் செய்தார். அப்புறம் வசந்த காலம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தியாகராஜர் பாடிய கோவிலின் மரத்தடியில், பாமாலை வாசிக்கும் சார், தேவாரக் கதையைத் தொண்டை அடைக்கச் சொல்கிறார். அப்போது எங்களுக்கு அது வினோதமாகவே தெரியவில்லை. சாரென்றால் அப்படித்தான்.

நான் வேளச்சேரிக்குப் போய்ப் பதினாலு வருஷம். எனக்குக் கண் ஒன்றும் போகவில்லை. மூக்குக் கண்ணாடி மட்டும்தான்.

2001இல் ஒரு கம்பெனி இன்டர்வியூ. எதிரில் இருந்தவர் என் ரெஸ்யூமில் "சென்னை 81", அதாவது தண்டையார்பேட்டை, என்று பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "அந்தப் பக்கமெல்லாம் ராத்திரி நடக்க முடியுமா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். "முடியும் சார், வேகமா நடக்கணும்" என்று ஜோக் வேறு அடித்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ரெஸ்யூமில் அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரி. அந்த வேலை கிடைத்தது. முகவரியால்தான் கிடைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பழைய முகவரியை நான் எங்கேயும் எழுதவே இல்லை. சார் எனக்குப் போடும் கிறிஸ்துமஸ் கார்டின் பின்பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு வருஷமும் வரும், கொட்டை எழுத்தில், சென்னை 81. வேறு எங்கேயாவது போயிருந்தால் சம்பளமும் பேரும் கூடியிருக்கும் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "ஏன், இங்க காது இல்லியா?" என்றார்.

சாரின் அடக்கத்தன்று கானாக்காரன் ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டான். அது ஆராதனை முறையில் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், முறை என்று ஒன்று இருக்கிறதுதானே. அவன் ஒன்றும் பேசவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அங்கே நின்று பாடினான். மேளம் இல்லை, கையால் வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டு. சுருதி ஒரு நூல் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவர் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவனுக்கு என்ன பூவின் பெயர் வைத்திருப்பாரோ.

"இவ்வளவு ரோஷம் இருந்தால் மேடையிலேயே எழுந்து கேட்டிருக்கலாமே, ஏன் மூன்று நாள் கழித்து முகநூலில்?" என்று கேட்பீர்கள். இதுவரை வந்ததிலேயே நியாயமான கேள்வி இதுதான்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். "செந்தாமரை" என்றதும் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும். பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போவது தெரியும். அது கானாக்காரன். மூன்றாவது வரிசையில், நீலச் சட்டையில், கை தட்டிக்கொண்டிருப்பவன் நான்.