ஐகானை மூடினால் ஃபயர்வால் நின்றுவிடுமா?

ஃபயர்வால் என்பது கணினிக்கு வரும், போகும் இணையத் தொடர்புகளில் வேண்டாதவற்றைத் தடுக்கும் மென்பொருள். “ஃபயர்வால் ஐகானில் எக்ஸிட் கொடுத்த பிறகும் நெட் வரவில்லையென்றால், கோளாறு இணைப்பு தரும் நிறுவனத்திடம்தான்” என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி முடிவு கட்டிவிட முடியாதுங்க.

எக்ஸிட் கொடுத்தால் மூடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஜன்னல் மட்டும்தான். உண்மையில் தடுக்கும் வேலையைச் செய்வது விண்டோஸோடு சேர்ந்து ஏறும் டிரைவரும், பின்னால் ஓடும் சர்வீஸும். பல மென்பொருள்களில் அவை அப்புறமும் விழித்துக்கொண்டுதான் இருக்கும், பழைய தடை விதிகளோடு.

நீங்களே சோதிக்கலாம். முதலில் அதே வைஃபையில் போனைப் பாருங்கள், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதை மறந்து ஏமாந்தவன் நான்). போனில் வந்தால் லைன் சரியாக இருக்கிறது. அடுத்து, கணினியில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போங்கள். மறுபடி ரீஸ்டார்ட் கேட்கும். கொடுத்து, பட்டியல் வந்ததும் 5-ஐ அழுத்துங்கள். அது நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோட், அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி இயங்கும் முறை. தனியாக நிறுவிய ஃபயர்வால்கள் பொதுவாக அதில் ஏறுவதில்லை. வைஃபை அங்கே மக்கர் பண்ணலாம், கேபிள் போட்டுப் பாருங்கள். அங்கே நெட் வந்து, வழக்கமான முறையில் வரவில்லையென்றால் சந்தேகம் கணினியில் உள்ள மென்பொருள் மீதுதான். ஃபயர்வாலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் அதுதானா என்று தெரிந்துவிடும்.