யார் யாரை அடித்தார்?

சண்டைப் படங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் இந்தப் புலம்பல். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும் திரையில், ஒரு குத்து விழுவதற்குள் மூன்று முறை ஷாட் மாறிவிடுகிறது. ஓங்கிய கை, தெறிக்கும் கண்ணாடி, சரியும் தோள் என்று துண்டு துண்டாகக் காட்டிவிட்டு, யார் யாரை அடித்தார் என்பதை நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார்கள். ஹாலிவுட் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1920களிலேயே கேமராவைத் தள்ளி நிறுத்தி, தாம் விழுவதை முழு உடலும் தெரியும்படி ஒரே ஷாட்டில் காட்டியவர். அந்தப் பொறுமை எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆறு தோட்டாக்கள் கொள்ளும் ரிவால்வர் ஒன்பதாவது முறை சுடுவதைக்கூட மன்னித்துவிடுவேன் (எண்ணிக்கொண்டே பார்ப்பது என் கெட்ட பழக்கம்).

சலித்துப்போய்க் காதல் நாவலைக் கையில் எடுத்தால் அங்கே வேறு தொல்லை. நாயகி கதவோரம் நின்று பாதிப் பேச்சைக் கேட்கிறாள். மீதியைக் கேட்காமலே பெட்டியைக் கட்டுகிறாள். “நீ சொன்னது என்னைப் பற்றியா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும் விஷயத்துக்காக, மழையையும் பெருமூச்சையும் தாண்டி நான் 150 பக்கங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவர்கள் ஒருவழியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும்போது எனக்குக் கொட்டாவியே வந்துவிடுகிறது.