'இசட் போட்டா தப்பு'ன்னு வர்ற மெசேஜ நம்பாதீங்க

வேளச்சேரி பக்கம் பேரன்ட்ஸ் குரூப்ல ரெண்டு நாளா ஒரு ஃபார்வர்டு சுத்துது, "ரியலைஸ், ஆர்கனைசேஷன் எல்லாம் எஸ் போட்டுதான் எழுதணும், இசட் போட்டா அமெரிக்கன் தப்பு, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல கிடையவே கிடையாது"ன்னு. இது சரியில்லங்க. பிரிட்டன்லேந்து வர்ற ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரியே இதுக்கெல்லாம் இசட் ஸ்பெல்லிங்கதான் முதல்ல போடுது, எஸ்ஸும் சரின்னு சேத்தே சொல்லுது, டவுட்டுன்னா அவங்க லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வெப்சைட்ல ஃப்ரீயாவே தேடிப் பாக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல எழுதுறவங்க, ஆனா அவங்க பேர்ல இருக்கிற ஆர்கனைசேஷன்ல இசட்தான்.

ஆனா எல்லாத்துக்கும் இசட் போட்டுடாதீங்க. அனலைஸ்னா பிரிட்டிஷ்ல எஸ், இசட் அமெரிக்கன். எக்ஸர்சைஸுக்கு ரெண்டு பக்கமும் எஸ்தான்.

கலர்ல யூ இல்லாம எழுதுறது கம்ப்யூட்டர் வந்து கெடுத்ததுன்னும் அதுல இருக்கு, அதுவும் தப்பு, 1828லயே நோவா வெப்ஸ்டர் தன்னோட அமெரிக்க டிக்‌ஷனரில அப்படித்தான் போட்டாரு.

சரியா எழுதுன புள்ளைய இந்த மெசேஜ காட்டித் திட்டுறாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு. தயவுசெஞ்சு இனி ஃபார்வர்டு பண்ணாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்டுடுங்க.