கூடத்தில் ஆள் இல்லை

(கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியப்பாவும், பழைய கருவி எதையும் தூக்கி எறிய மனம் வராத கயல்விழியும் பேசிக்கொள்கிறார்கள். மேசைமேல், வீட்டு விளக்குகளையும் சென்சார்களையும் ஒன்றிணைக்கும் ஒரு ஸ்மார்ட் ஹோம் ஹப், மூடி கழற்றப்பட்டுக் கிடக்கிறது.)

பெரியப்பா: கயல்விழி, கீறல்கூட விழாத ஒரு பொருளின் மூடியை நீ கழற்றி வைத்திருக்கிறாய். இதற்கு முன்அனுமதி பெறப்பட்டதா?

கயல்விழி: கீறல் இல்லைதான், பெரியப்பா, ஆனால் வேலையும் இல்லை. நம் கதவு திறந்தால், அந்தச் செய்தி கதவு சென்சாரிலிருந்து இந்த ஹப்புக்கு வந்து, இங்கிருந்து இணையத்தின் வழியே இதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே அனுமதி பெற்றுத் திரும்பிய பிறகுதான் கூடத்து விளக்கு எரியும். நிறுவனம் சர்வரை நிறுத்திவிட்டதால், போகிற செய்தி இப்போது திரும்புவதில்லை.

பெரியப்பா: கதவுக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம்?

கயல்விழி: ஆறடி இருக்கும்.

பெரியப்பா: ஆறடிப் பயணத்துக்கு இப்படியொரு பயணப்படிக் கோரிக்கை என் மேசைக்கு வந்திருந்தால், சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கயல்விழி: நான் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான். இந்தப் பலகையில் இரண்டு சிப்கள் இருக்கின்றன. பெரியது, எதையும் அந்தச் சர்வரிடம் கேட்டுக்கொண்டே நடக்கும் பிராசஸர். சிறியது, சென்சார்களோடு ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் ரேடியோ. இரண்டுக்கும் நடுவே ஒரு சீரியல் இணைப்பு ஓடுகிறது. பெரிய சிப்பின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்மென்பொருளை மாற்றி, ரேடியோ சொல்வதை அப்படியே வீட்டுக் கணினிக்குக் கடத்தினால் போதும் என்று வைத்துவிட்டால், அங்கே நிறுவியிருக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள் முடிவுகளை எடுத்துக்கொள்ளும். அது 2013 முதல் இருக்கிறது; எந்த ஒரு நிறுவனத்தின் சர்வரையும் நம்பி அது ஓடவில்லை.

பெரியப்பா: அதாவது, ஓர் அதிகாரியைத் தபால் கொண்டுபோகும் வேலைக்குப் பதவி இறக்கம் செய்கிறாய். பிற்பாடு அவர் மேல்முறையீட்டில் வென்றுவிட்டால்?

கயல்விழி: பழைய ஃபர்ம்வேர் முழுவதையும் நகலெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிட்டுத்தான் புதியதை எழுதுவேன். வேண்டுமென்றால் பழைய பதவியிலேயே அமர்த்திவிடலாம்.

பெரியப்பா: நன்று. நகல் எடுக்காமல் மூலத்தைத் திருத்துகிறவர்களோடு நான் பேசுவதே இல்லை. அந்த ஓரத்தில் தெரியும் நான்கு புள்ளிகள் என்ன?

கயல்விழி: அவைதான் உள்ளே நுழையும் வழி. ஒன்று தரை, அதாவது கிரவுண்ட் இணைப்பு, ஒன்று 3.3 வோல்ட் மின்சாரம், ஒன்று அனுப்பும் முனை, ஒன்று பெறும் முனை. கணினியின் யுஎஸ்பியில் செருகிய சீரியல் அடாப்டரை 3.3 வோல்ட் நிலையில் வைத்து, தரையைத் தரையோடு சேர்த்து, இதன் அனுப்பும் முனையை அதன் பெறும் முனையோடும், இதன் பெறும் முனையை அதன் அனுப்பும் முனையோடும் குறுக்காக இணைக்க வேண்டும். மின்சாரப் புள்ளியைத் தொடுவதில்லை. ஹப் தன் சொந்த மின்சாரத்திலேயே ஓடும். அடாப்டரைத் தவறுதலாக 5 வோல்ட்டில் வைத்தால் சிப் கருகிவிடக்கூடும்.

பெரியப்பா: அனுப்பும் முனையை அனுப்பும் முனையோடு சேர்த்தால் என்ன ஆகும்?

கயல்விழி: இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கும், ஒரு சொல்லும் யார் காதிலும் விழாது.

பெரியப்பா: எங்கள் அலுவலகத்தின் வாராந்தரக் கூட்டம் அப்படி இணைக்கப்பட்டதுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. சரி, அலமாரியில் ஒரு பழைய கதவு சென்சார் இருக்கிறதே, அதையும் இந்த ஹப்பில் சேர்த்துக்கொள்.

கயல்விழி: சேராது, பெரியப்பா. அது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுவது. இந்த ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். அதற்குத் தனியாக ஒரு ரேடியோ டாங்கிளை வீட்டுக் கணினியில் செருக வேண்டும். தவிர, அந்தச் சென்சாருக்கு அனுப்ப மட்டும்தான் தெரியும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒரே செய்தியை நாலைந்து முறை கத்திவிட்டுத் தூங்கிவிடும். ஜிக்பீ சென்சார் அப்படியில்லை. ஒப்புகை வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் மறுபடி அனுப்பும்.

பெரியப்பா: ஒப்புகைச் சீட்டு வாங்காத சென்சாரை இந்த வீட்டுக்குள் அனுமதித்தது யார்?

கயல்விழி: நீங்கள்தான். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தீர்கள். அந்த டாங்கிளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்கம்பக்கத்து வீடுகளின் வெப்பமானிகளும், சில கார்களின் டயர்களுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார்களும் அதே அலைவரிசையில் பேசுகின்றன. பல சமயம் பூட்டு எதுவும் இல்லாமல் பேசுவதால், அவையெல்லாம் நமக்கும் கேட்கும்.

பெரியப்பா: அடுத்த வீட்டுக்காரரின் டயரில் காற்றுக் குறைந்தால் நமக்குத் தெரிந்துவிடுமா? அது பண்பாடற்ற செயல். எந்தச் சக்கரம் என்றும் தெரியுமா?

கயல்விழி: அடையாள எண்ணும் அழுத்தமும் வரும். எந்த எண் எந்தச் சக்கரம் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரியப்பா: ஒரு பதிவேடு தொடங்கினால் கண்டுபிடித்துவிடலாம். நான் செய்யப்போவதாகச் சொல்லவில்லை. திரையில் 'சேனல் 11' என்று இருக்கிறதே, வைஃபை ரௌட்டரிலும் அதே எண்ணைத்தானே பார்த்தேன்? ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் எப்படி இருக்க முடியும்?

கயல்விழி: எண் ஒன்றே தவிர இடம் வேறு. ஜிக்பீயின் 11ஆவது சேனல் 2405 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. வைஃபையின் 11ஆவது சேனலுக்கு நடுப்புள்ளி 2462. ஜிக்பீயின் 11ஐ நெருக்குவது வைஃபையின் 1ஆவது சேனல்தான். நம் ரௌட்டர் 11இல் இருப்பதால், ஜிக்பீயும் 11இலேயே இருப்பது நமக்கு நல்லது.

பெரியப்பா: ஒரே எண்ணில் இருந்தால் மோதாது, வேறு வேறு எண்ணில் இருந்தால் மோதும். இதைத் தணிக்கை அறிக்கையில் எழுதினால் என்னையல்லவா விசாரிப்பார்கள்! ஜிக்பீக்கு மொத்தம் எத்தனை சேனல்கள்?

கயல்விழி: இந்த அலைவரிசையில் பதினாறு. 11இல் தொடங்கி 26இல் முடியும்.

பெரியப்பா: பிடித்துவிட்டேன். 1 முதல் 10 வரை எங்கே போயின?

கயல்விழி: எங்கும் போகவில்லை. ஜிக்பீக்கு அடித்தளமான 802.15.4 என்ற தரநிலை, 0ஆவது சேனலை 868 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும், 1 முதல் 10 வரையுள்ளவற்றை 915 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் ஒதுக்கிவிட்டது.

பெரியப்பா: கணக்கு நேராகிறது. வருத்தமாக இருக்கிறது.

கயல்விழி: உங்கள் தணிக்கை முடிந்தால், என்னுடையது ஒன்று பாக்கி இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் கசிந்தால் சொல்லும் சென்சார், ஹப் நன்றாக இருந்த நாட்களிலேயே இரவுதோறும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தாழ்வார விளக்கின் சுவிட்சை இரவில் அணைப்பது யார்?

பெரியப்பா: நான்தான். சிக்கனம் ஒரு குற்றமா?

கயல்விழி: அந்த பல்ப் விளக்கு மட்டுமில்லை, பெரியப்பா. நேரடி மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பல்பும் பிளக்கும் அடுத்தவர் செய்தியை வாங்கி முன்னே தள்ளிவிடும். பட்டனளவு பேட்டரியில் பெரும்பாலும் தூங்கிக் கிடக்கும் சென்சார்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. குளியலறைச் சென்சார் அந்த பல்பைத்தான் நம்பியிருந்தது. நீங்கள் சுவரில் சுவிட்சை அணைத்ததும் பாலம் போய்விட்டது. சில சென்சார்கள் உடனே வேறு வழி தேடிக்கொள்ளும். இது பழைய வழியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

பெரியப்பா: எரியாத விளக்குக்கும் மின்சாரம் கொடுக்கச் சொல்கிறாய்.

கயல்விழி: எரியாதபோதும் அது வேலை செய்கிறது. அணைக்க வேண்டுமென்றால் சுவரில் அணைக்காமல் ஹப் வழியாக அணையுங்கள்.

பெரியப்பா: குறித்துக்கொண்டேன், ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை. இனி என் முதன்மையான ஆட்சேபத்துக்கு வருகிறேன். நேற்று மாலை கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது விளக்கு தானாக அணைந்தது. உன் கைபேசியில் பார்த்தால், 'கூடத்தில் ஆள் இல்லை' என்று எழுதியிருக்கிறது. நான் யார்?

கயல்விழி: அது சோதனைக்காக வீட்டுக் கணினியில் தனியாக இணைத்திருந்த அசைவு சென்சார். அது ஆளைப் பார்ப்பதில்லை, பெரியப்பா. உடல் சூட்டின் இடமாற்றத்தைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் லென்ஸ் கூடத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து வைத்திருக்கும். சூடு ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குத் தாண்டினால்தான் செய்தி போகும். நீங்கள் தலையங்கம் படித்தால் அசைவதே இல்லை.

பெரியப்பா: பக்கத்தைப் புரட்டினேனே!

கயல்விழி: அந்த அசைவு அதற்குப் போதவில்லை. இதற்கு மாற்றாக மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார் ஒன்று வாங்கியிருக்கிறேன். 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. மூச்சுவிடும்போது மார்பு எழுந்து தாழ்வதையே கண்டுகொள்ளும். மின்சாரம் அதிகம் தேவைப்படுவதால் பேட்டரி போதாது, பிளக்கில் செருக வேண்டும். இதோ, இதையும் வீட்டுக் கணினியோடு இணைத்துவிட்டேன். நீங்கள் அசையாமல் உட்காருங்கள்.

(பெரியப்பா உட்காருகிறார்.)

கயல்விழி: 'கூடத்தில் ஆள் இருக்கிறார்' என்று வந்துவிட்டது. எந்தச் சர்வரிடமும் கேட்காமல், விளக்கும் உடனே எரிகிறது.

பெரியப்பா: என் இருப்பு முறைப்படி பதிவாகிவிட்டது. ஆனாலும் எதிர்ச்சோதனை இல்லாமல் கையெழுத்திட மாட்டேன். நான் வாசலுக்குப் போகிறேன். நீயும் கைபேசியோடு சமையலறைக்குப் போய்ப் பார்த்துச் சொல்.

(சிறிது நேரம் கழித்து.)

பெரியப்பா: என்ன சொல்கிறது?

கயல்விழி: ஆள் இருப்பதாகவே சொல்கிறது.

பெரியப்பா: நான் வெளியே நிற்கிறேன்!

கயல்விழி: மின்விசிறி சுற்றுகிறது, பெரியப்பா. இந்த ரேடாருக்கு மின்விசிறி, காற்றில் ஆடும் திரைச்சீலை எல்லாம் ஆட்களாகத் தோன்றும். எட்டும் தூரத்தையும் நுண்ணுணர்வையும் குறைத்து, சென்சாரின் முகத்தைக் கீழே திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

பெரியப்பா: உட்கார்ந்திருந்தவன் வரவில்லை என்றும், ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது பணியில் இருக்கிறது என்றும் வருகைப்பதிவேடு எழுதுகிறது. என் அலுவலகத்திலும் இதே முறைதான் இருந்தது, கயல்விழி. அங்கே நுண்ணுணர்வைக் குறைக்கத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.