டோக்கியோ மன்றத்தின் மேடையும் கேட்கப்படாத கேள்விகளும்

டோக்கியோவில் உள்ள வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்தின் செய்தியாளர் சந்திப்புகளைச் சில ஆண்டுகளாக யூடியூபில் விடாமல் பார்த்து வருகிறேன். அந்த மன்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், வெளிநாட்டுக்காரர்கள் கூடி உண்டு குடித்துப் பொழுது போக்கும் இடம்தானே என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அங்கே உணவகம் உண்டு, மதுக்கூடம் உண்டு, நூலகம் உண்டு, திரைப்படம் திரையிட்டு இயக்குநருடன் உரையாடும் மாலைகளும் நூலாசிரியர்களை அழைத்துப் பேசவைக்கும் விருந்துகளும் உண்டு. உறுப்பினர்களில் செய்தியாளர்களைவிட வணிகர்கள், வழக்கறிஞர்கள், தூதரகத்தார் போன்ற இணை உறுப்பினர்களே அதிகம் என்பதும், அவர்கள் செலுத்தும் சந்தாவில்தான் மன்றத்தின் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மையே. இவை இருந்தும், அந்த மன்றத்தின் நிகழ்ச்சிகளில் செய்தியாளர் சந்திப்பு ஒன்றை மட்டும் நான் பெரிதாக மதிக்கிறேன். அதைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் சிறு பின்னணி. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, நேச நாட்டுப் படைகளோடு ஜப்பானுக்குள் வந்த செய்தியாளர்கள் தங்கவும் எழுதவும் இடம் தேடி, மருனோச்சிப் பகுதியின் ஒரு சந்தில் இந்த மன்றத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சந்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘நம்பர் 1 ஷிம்புன் சந்து’, அதாவது செய்தித்தாள் சந்து; மன்றத்தின் இதழான ‘நம்பர் 1 ஷிம்புன்’ அதிலிருந்தே பெயர் பெற்றது. பல்லாண்டுகள் யூராக்குச்சோவில் ஒரு கட்டடத்தின் உச்சித் தளத்தில் இயங்கிய மன்றம், 2018இல் மீண்டும் மருனோச்சிக்கே வந்து சேர்ந்தது.

இந்த மன்றத்தின் மதிப்பை அறிய, ஜப்பானின் ‘கிஷா கிளப்’ முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமைச்சகங்கள், காவல்துறை, நீதிமன்றம், கட்சித் தலைமையகங்கள் என்று செய்தி பிறக்கும் ஒவ்வோர் இடத்திலும் பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் கட்டடத்திலேயே சங்கத்துக்கு அறை தரப்பட்டிருக்கும். அதிகாரிகளின் விளக்கக் கூட்டங்களில் சங்க உறுப்பினருக்கே முதலிடம். வார இதழ்க்காரரும் தனித்து எழுதுபவரும் வெளிநாட்டவரும் நெடுங்காலம் வாசலிலேயே நின்றார்கள். 2002, 2003 ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியமே இந்த முறையைக் கைவிடுமாறு ஜப்பானிய அரசைக் கேட்டது. அதற்கு முன்பே, 2001இல், நாகானோ மாகாண ஆளுநராக இருந்த யாசுவோ தனாகா தம் அலுவலகத்திலிருந்த சங்கங்களின் தனியுரிமையை நீக்கிச் செய்தியாளர் சந்திப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பிறகு அங்கங்கே கதவுகள் கொஞ்சம் திறந்திருக்கின்றன என்றாலும் முறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இதில் யாரையும் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்டச் செய்தியாளனாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். தினமும் அதே அலுவலகத்துக்குப் போய், அதே அதிகாரியிடம் செய்தி வாங்கி, மாலைக்குள் அனுப்பியாக வேண்டிய ஒருவனுக்கு, அந்த அதிகாரி விரும்பாத கேள்வியைக் கூட்டத்தின் நடுவே கேட்பது எவ்வளவு கனமான காரியம் என்று எனக்குத் தெரியும். கேட்டவனை யாரும் தண்டிப்பதில்லை. மறுநாள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த மௌனம் போதும், ஒருவனை வழிக்குக் கொண்டுவர.

1974ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். பிரதமர் காக்குவெய் தனாகாவின் பண வழிகளைப் பற்றி, ‘புங்கேய் ஷுன்ஜு’ மாத இதழில் தாக்காஷி தாச்சிபானா என்ற எழுத்தாளர் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். நிலப் பதிவேடுகளையும் நிறுவனப் பதிவுகளையும் தம் குழுவினருடன் ஒவ்வொன்றாகத் திரட்டி, பிரதமரின் செல்வம் எந்தெந்த நிறுவனங்களின் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று அவர் அடுக்கிக் காட்டினார். இதழ் விற்பனைக்கு வந்தும் பெரிய நாளிதழ்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசியல் செய்தியாளர்கள் பலருக்கு அதில் புதிதாக ஏதுமில்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. தெரிந்திருந்தும் எழுதவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அக்டோபர் 22ஆம் நாள், முன்பே ஏற்பாடாகியிருந்த மதிய விருந்துக்கு தனாகா வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்துக்கு வந்தார். வெளியுறவு பற்றியும் பொருளாதாரம் பற்றியும் கேட்பார்கள் என்று எண்ணி வந்திருக்கலாம். அறிமுகத்திலேயே அந்தக் கட்டுரையின் பேச்சு வந்துவிட்டது. கேள்விகளும் பணத்தைச் சுற்றியே எழுந்தன. பிரதமர் முகம் சிவந்து, சந்திப்பை முன்னதாகவே முடித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அந்த நிகழ்ச்சி ஜப்பானிய நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இருந்தது. கட்டுரையைத் தொடத் தயங்கியவர்களுக்கு, கட்டுரையைப் பற்றி வெளிநாட்டவர் கேள்வி கேட்டார்கள் என்ற செய்தியை எழுதத் தடையிருக்கவில்லை. நவம்பர் 26ஆம் நாள் தனாகா பதவி விலகுவதாக அறிவித்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும் பலர், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் ஒரு பிரதமரை வீழ்த்தினார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. உழைப்பு தாச்சிபானாவுடையது, பதிவேடுகளைப் புரட்டியவர்கள் ஜப்பானியர்கள், அச்சிடும் துணிவு ஒரு ஜப்பானிய இதழுக்கு இருந்தது. மன்றத்தில் நடந்ததெல்லாம், அச்சில் கிடந்த ஒன்றை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரின் முகத்துக்கு நேரே, மற்றவர் காதுபடக் கேட்டதுதான். அதைக் கேட்டவர்களுக்கு மறுநாள் காலை பிரதமர் அலுவலகச் சங்க அறையில் போய் உட்கார வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அவர்கள் கேட்க முடிந்ததற்கு நான் காணும் காரணம் இது ஒன்றே.

இதே வரிசையைப் பிறகும் காண்கிறோம். கேமராக்களுக்குப் பெயர்பெற்ற ஒலிம்பஸ் நிறுவனம் தன் பழைய முதலீட்டு இழப்புகளைக் கணக்கில் மறைத்து வந்ததை முதலில் துப்புத் துலக்கியது ‘ஃபாக்டா’ என்ற சிறிய ஜப்பானிய மாத இதழ், ஆண்டு 2011. அந்தச் செய்தியைப் படித்து இயக்குநர் குழுவிடம் விளக்கம் கேட்ட தலைவர் மைக்கேல் வுட்ஃபோர்டை அக்டோபர் 14ஆம் நாள் அந்தக் குழுவே பதவியிலிருந்து நீக்கியது. அவர் வெளிநாட்டு நாளிதழிடம் ஆவணங்களைக் கொடுத்து, நவம்பரில் டோக்கியோ திரும்பியபோது இந்த மன்றத்தின் மேடையில் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மறைக்கப்பட்ட தொகை சுமார் 170 கோடி டாலர்.

எல்லாவற்றையும்விட என் நெஞ்சை அறுப்பது ஜானி கித்தகாவாவின் கதை. பல பத்தாண்டுகள் ஜப்பானின் இளைஞர் இசைக் குழுக்களை உருவாக்கிய நிறுவனத்தின் அதிபர் அவர். அவருடைய நிறுவனத்தின் பையன்கள் வராத தொலைக்காட்சி நிகழ்ச்சி இல்லை என்னும் அளவுக்குச் செல்வாக்கு. அவர் அந்தச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கி வந்ததை ‘ஷூகான் புன்ஷுன்’ வார இதழ் 1999இல் தொடராக வெளியிட்டது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2003இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், அந்தக் குற்றச்சாட்டின் முக்கியப் பகுதி உண்மை என்று ஏற்றது. 2004இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. நாட்டின் நீதிமன்றமே சொன்ன பிறகும் தொலைக்காட்சிகள் வாய் திறக்கவில்லை. 2019இல் அவர் 87ஆவது வயதில் இறந்தபோது புகழஞ்சலிகளே பொழிந்தன.

2023 மார்ச்சில் பிபிசி ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. ஏப்ரல் 12ஆம் நாள், அந்த நிறுவனத்தில் பதினைந்து வயதில் சேர்ந்திருந்த காவான் ஒகாமோட்டோ என்ற இளைஞர் மன்றத்தின் மேடைக்கு வந்து, தம் பெயரோடும் முகத்தோடும் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். அந்தக் காணொளியை நான் இரண்டு முறை பார்த்தேன். கூச்சலில்லை, கண்ணீர்க் காட்சியில்லை. கேள்விக்குக் கேள்வி நிதானமாகப் பதில் சொல்கிறார். அதன் பின்னரே பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே அதைச் செய்தியாக்கியது. பிறர் மெல்ல மெல்ல வந்தார்கள். செப்டம்பர் 7ஆம் நாள் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கித்தகாவாவின் சகோதரி மகளான தலைவர் பதவி விலகினார். அதற்குச் சில நாள் முன்பு வெளியான வல்லுநர் குழுவின் அறிக்கை, இந்தக் கொடுமை நீடித்ததற்கான காரணங்களில் ஒன்றாக ஊடகங்களின் மௌனத்தையும் குறிப்பிட்டிருந்தது. 1999க்கும் அவர் இறந்த 2019க்கும் இடையே எத்தனை சிறுவர்கள் கித்தகாவாவின் வீட்டு வாசலைக் கடந்திருப்பார்கள் என்று எண்ணும்போது, செய்தியாளனாக இருந்தவன் என்ற முறையில் எனக்கு உறக்கம் கெடுகிறது.

மன்றம் ஒரு தரப்பின் மேடை என்று சொல்பவர்கள் 2019 டிசம்பர் 19ஐ நினைவுகொள்ள வேண்டும். தம்மை வன்புணர்ந்ததாக ஒரு முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர் மீது பெண் செய்தியாளர் ஷியோரி இட்டோ தொடுத்த சிவில் வழக்கில் அதற்கு முந்தைய நாள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்திருந்தது. தீர்ப்புக்கு மறுநாள் இந்த மன்றத்தில் இட்டோ மட்டுமல்ல, எதிர்த்தரப்பான அந்த முன்னாள் செய்தியாளரும் தனியே செய்தியாளர்களைச் சந்தித்து, தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லை என்றும் மேல்முறையீடு செய்வதாகவும் சொன்னார். இட்டோ அவருடைய கூட்டத்தில் செய்தியாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் மேடை உண்டு, மேடைக்கு வருபவர் கேள்விகளையும் சந்திக்க வேண்டும் என்பதே அங்கே வழக்கம். கேட்பவர் தம் பெயரையும் தம் நிறுவனத்தையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். சந்திப்பு முடிந்ததும், எவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்கப்பட்டவராக இருந்தாலும், விருந்தினருக்கு ஓராண்டுக் கௌரவ உறுப்பினர் அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மன்றம் தளர்ந்த நாளும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2020இல் மன்றத்தின் இதழ், டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தைக் கொரோனா வைரசின் வடிவத்தில் வரைந்து அட்டைப்படமாக வெளியிட்டது. ஒலிம்பிக் அமைப்புக் குழு பதிப்புரிமையைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்ததும், வழக்கறிஞரின் ஆலோசனையைக் கேட்டு, மன்றம் அந்த அட்டையைத் திரும்பப் பெற்று வருத்தமும் தெரிவித்தது. பிரதமரின் கோபத்தைத் தாங்கிய மன்றத்தால் ஒரு கேலிச் சித்திரத்துக்குக் காவல் நிற்க முடியவில்லையே என்று அன்று நான் மிகவும் வருந்தினேன். இன்றும் அது தவறான முடிவு என்றே கருதுகிறேன். வழக்குச் செலவைத் தாங்க முடியுமா என்ற கணக்கு அதில் இருந்திருக்கலாம். சந்தாவை நம்பி வாழும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு எப்போதும் காத்திருக்கும் ஆபத்து. ஆகவே மன்றத்தின் உணவகம் நன்றாக நடக்கிறதா என்பதுகூட எனக்கு அக்கறையுள்ள செய்தியாகிவிட்டது.

2023 அக்டோபர் 2ஆம் நாள், கித்தகாவாவின் நிறுவனம் டோக்கியோவில் ஒரு விடுதியில் தன் இரண்டாவது செய்தியாளர் சந்திப்பை நடத்தியது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு கேள்வி, மொத்தம் இரண்டு மணி நேரம் என்று விதி வைத்தார்கள். கையை உயர்த்திக்கொண்டே இருந்த சிலரை நடத்துநர் அழைக்கவே இல்லை. அரங்கில் கூச்சல் எழுந்தது. இரண்டு நாள் கழித்து, கேள்வி கேட்க அழைக்கக் கூடாத செய்தியாளர்களின் பெயர்களும் படங்களும் அடங்கிய பட்டியல் ஒன்று, அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்த மக்கள் தொடர்பு நிறுவனத்தாரின் கையில் இருந்ததை என்எச்கே வெளிப்படுத்தியது. ஆறு மாதத்துக்கு முன் மருனோச்சியில் அந்த மேடையில் அமர்ந்திருந்த ஒகாமோட்டோவிடம் கேள்வி கேட்க யார் பெயரும் எந்தப் பட்டியலிலும் சரிபார்க்கப்படவில்லை. அந்த இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்துப் பார்க்குமாறு நண்பர்களை, குறிப்பாக இப்போது இத்தொழிலில் இருக்கும் இளையவர்களை, அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.