நண்பர்களுக்கும் வாசிக்க மறுத்தவர்

நேற்று ராத்திரி மறுபடியும் செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்லோ என்பது உட்கார்ந்து வில்லால் வாசிக்கும், வயலின் மாதிரியான பெரிய வாத்தியம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு செல்லோ சூட்களையும் (சூட் என்றால் பல சின்னப் பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) 1936 முதல் 1939 வரை அவர் இசைத்தட்டில் பதிவு செய்தார். இயர்ஃபோன் மாட்டிக் கேட்டால் பழைய தட்டின் கரகரப்புக்கு அடியில் வில் உரசுவதும், இடது கை விரல்கள் தந்தி மேல் டொக் டொக்கென்று விழுவதும் தெரியும். வழவழப்பான புதுப் பதிவுகள் எத்தனையோ வந்துவிட்டன. எனக்கு இந்த டொக் டொக் வேண்டும்.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் எல் வென்ட்ரெல் என்ற சின்ன ஊரில் 1876இல் பிறந்தவர். அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பதின்மூன்று வயதில் அப்பாவோடு பார்சிலோனா துறைமுகம் பக்கம் ஒரு பழைய கடையில் தாள்களைக் கிளறியபோது கிடைத்தவைதான் இந்தச் சூட்கள். அதுவரை பெரும்பாலும் விரல் பழகும் பயிற்சியாகவே பார்க்கப்பட்டவை. பையன் தினமும் சாதகம் செய்தான். முழுதாக ஒரு சூட்டை மேடையில் வாசிக்க அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. பன்னிரண்டு வருடம்!

அந்தக் காலத்தில் செல்லோ மாணவர்கள் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வில் போட வேண்டும். புத்தகம் விழக்கூடாது. கசால்ஸ் அந்தக் கையை விடுவித்தார். இன்று யார் செல்லோ வாசித்தாலும் முழங்கை தாராளமாக விரிகிறதே, அதில் அவர் பங்கு பெரிது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. 1936 ஜூலையில் பார்சிலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒத்திகை. நடுவில் செய்தி வருகிறது: அரசுக்கு எதிராக ராணுவம் கிளம்பிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். இனி எப்போது கூடுவோமோ என்று கடைசிப் பகுதியை வாசித்து முடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள். அந்த உள்நாட்டுப் போரில் ராணுவத் தளபதி ஃபிராங்கோ ஜெயித்து சர்வாதிகாரி ஆனார். கசால்ஸ் எல்லை தாண்டி, பிரான்சில் பிராட் என்ற ஊரில் தங்கினார். அகதி முகாம்களில் இருந்தவர்களுக்காகக் கடிதம் எழுதினார், பணம் திரட்டினார்.

ஹிட்லர் வந்த பிறகு ஜெர்மனியில் அவர் வாசிக்கவில்லை. அதைக்கூட நிறையப் பேர் செய்தார்கள். உலகப் போர் முடிந்ததும் அவர் செய்ததுதான் என்னை உலுக்குகிறது. ஃபிராங்கோவை அப்படியே விட்டுவைத்த பிரிட்டனிலும் இனி வாசிப்பதில்லை என்றார். அங்கேதான் அவருக்கு நண்பர்கள், கைதட்டல், எல்லாமே. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நீட்டிய பட்டங்களையும் வேண்டாம் என்றார். எதிரிக்கு முன்னால் வாசிக்க மாட்டேன் என்பது ஒரு வீரம். கொண்டாடும் ஆட்களிடமே முகத்துக்கு நேராகச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதுவும் எழுபதை நெருங்கும் வயதில். ‘கலைஞனுக்கு எதுக்குங்க அரசியல்’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இவர் நினைவுதான் வரும்.

அவர் வரவில்லை என்பதால் 1950இல் இசைக்கலைஞர்கள் பிராடுக்கே போய்விட்டார்கள். பாக் மறைந்து இருநூறாவது ஆண்டு. அந்தச் சின்ன ஊரில் அவரை நடுவில் வைத்து விழா எடுத்தார்கள்.

நாட்டைவிட்டு வந்த பிறகு கச்சேரிகளின் கடைசியில் ‘பறவைகளின் பாட்டு’ என்ற கட்டலான் நாட்டுப்பாடலை வாசிப்பது அவர் வழக்கமானது. 1971இல் ஐ.நா. சபையில், தொண்ணூற்று நான்கு வயதில், அதையே வாசித்தார். அங்கே அவர் சொன்னது, வானத்தில் பறக்கும்போது பறவைகள் ‘அமைதி, அமைதி’ என்று பாடுகின்றன என்பது. அம்மா பிறந்த போர்ட்டோ ரிக்கோவில்தான் கடைசிக் காலம். 1973 அக்டோபரில் அங்கேயே இறந்தார். ஃபிராங்கோ அதற்கப்புறமும் இரண்டு வருடம் இருந்தார். 1979இல்தான் கசால்ஸின் உடலை எல் வென்ட்ரெல்லுக்குக் கொண்டுவர முடிந்தது.