கார்னோவைத் தாண்டினால் கைதட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள்

வெப்பத்தை வேலையாக மாற்றும் நுண்ணிய குவாண்டம் வெப்ப இயந்திரத்துக்கு மெஷின் லேர்னிங் என்றதும் எந்த அல்காரிதம், நெட்வொர்க்கில் எத்தனை அடுக்கு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை ரிவார்டை, அதாவது கற்கும் நிரலுக்கு ஒவ்வொரு படியிலும் தரும் மதிப்பெண்ணை, எழுதுவதில்தான் இருக்கிறது.

ஒற்றை க்யூபிட்டை, அதாவது இரண்டே ஆற்றல் நிலைகள் கொண்ட குவாண்டம் அமைப்பை, எடுத்துக்கொள்வோம். சூடான பக்கம் 300 மில்லிகெல்வின், குளிர்ந்த பக்கம் 100. சூட்டைத் தொடும்போது ஆற்றல் இடைவெளி 10 ஜிகாஹெர்ட்ஸ், குளிரைத் தொடும்போது 5. (1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 48 மில்லிகெல்வின். இது மனதில் இருந்தால் பாதி மனக்கணக்கு முடிந்தது.) க்யூபிட் மேல்நிலையில் இருக்கும் வாய்ப்பு சூட்டில் 0.168, குளிரில் 0.083. சூட்டைத் தொடு, இடைவெளியைக் குறை, குளிரைத் தொடு, இடைவெளியைக் கூட்டு: இந்த நான்கு கட்டம்தான் ஓட்டோ சுழற்சி. நிதானமாக ஓட்டினால் சுழற்சி ஒன்றுக்கு 2.8 × 10⁻²⁵ ஜூல் வேலை கிடைக்கும். திறன் (சூட்டிலிருந்து எடுத்த வெப்பத்தில் வேலையான பங்கு) 50 விழுக்காடு; இந்த இரு வெப்பநிலைகளுக்கு நடுவே எந்த இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ எல்லை 66.7.

ஆனால் நிதானமாக ஓடும் இயந்திரத்தின் பவர் (வேலை கிடைக்கும் வேகம்) பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். அவசரப்பட்டு இடைவெளியை மாற்றினாலோ, பெரும்பாலான க்யூபிட்களில் ஆற்றல் நிலைகளுக்கு இடையே கோஹரன்ஸ் (குவாண்டம் கலப்பு) உண்டாகி, அடுத்த தொடுகையில் வெப்பமாக வீணாகும். குவாண்டம் உராய்வு என்பது இதுதான். இந்த இழுபறிக்கு நடுவே நல்ல சுழற்சியைத் தேடத்தான் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்: ஏஜென்ட் என்ற நிரல் முயன்று பார்த்து, கிடைக்கும் ரிவார்டிலிருந்து கற்கும் முறை. எர்ட்மனும் நோயேவும் 2022இல் காட்டிய வழியில், ஏஜென்ட் ஒவ்வொரு சிறு காலப்படியிலும் இரண்டு முடிவு எடுக்கும்: கட்டுப்பாட்டு மதிப்பு (இங்கே ஆற்றல் இடைவெளி) எவ்வளவு; தொட வேண்டியது சூடா, குளிரா, இரண்டும் வேண்டாமா. ஓட்டோவின் நான்கு கட்டங்களை யாரும் சொல்லித்தருவதில்லை.

கோளாறு எங்கே? உள்ளே வந்த நிகர வெப்பத்தை ரிவார்டாக வைத்தால், நீண்டகாலச் சராசரியில் அது வேலைக்குச் சமம். ஆனால் காமா (வருங்கால ரிவார்டை எவ்வளவு மதிப்பது என்ற எண்) 0.99 என்றால் ஏஜென்ட்டின் கண்ணுக்கு எட்டுவது சுமார் 100 படி. உங்கள் சுழற்சி 300 படி நீளமா? குளிரைத் தொட்டால் உடனே நஷ்டம், லாபமோ வெகுதூரத்தில். அதனால் அது சூட்டைக் கட்டிக்கொண்டு பூஜ்யத்தில் உட்கார்ந்துவிடும். நெட்வொர்க்கைப் பெரிதாக்கிப் பயனில்லை, காமாவை 0.997க்கு மேல் ஏற்றுங்கள்.

திறன் கார்னோவைத் தாண்டியதா? முதலில் தொடக்க ஆற்றலைச் சந்தேகியுங்கள். க்யூபிட்டில் ஏற்கெனவே இருந்ததை ஏஜென்ட் வேலையாகக் காட்டியிருக்கும். ஆரம்பச் சுழற்சிகளைக் கழித்துவிட்டுச் சராசரி எடுங்கள். அப்புறம் பாத்தோடு (சூடான, குளிர்ந்த பக்கங்களோடு) இணைத்துப் பிரிக்கும் செலவு விட்டுப்போயிருக்கலாம். பல க்யூபிட் என்றால் லோக்கல் மாஸ்டர் சமன்பாடே (ஒவ்வொரு க்யூபிட்டையும் அதன் பாத்தோடு தனித்தனியாகக் கணக்கிடும் தோராயம்) வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மீறக்கூடும். லெவியும் கோஸ்லாஃபும் 2014இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

இதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் கிடைக்கும் குளிர்விப்பானில் குளிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த வெப்பத்தை மட்டும் ரிவார்டாக வைத்தால், ஏஜென்ட் வேலையைத் தண்ணீராய்ச் செலவழிக்கும். உண்டாகும் என்ட்ரோபிக்கும் (வீணாவதன் அளவு) ரிவார்டில் ஓர் எடை கொடுத்து, அந்த எடையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

இன்னொன்று: உராய்வு இல்லாத மாதிரிகளில் ஏஜென்ட் கடைசியில் இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஒவ்வொரு படியிலும் படபடவென்று தாவத் தொடங்கும். சமன்பாட்டைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். மிக வேகமான சுழற்சியில்தான் பவர் உச்சம். ஆனால் தாவும் நேரம் பாத்தின் நினைவு நேரத்தை (நடந்ததை அது மறக்க எடுக்கும் நேரம்) நெருங்கிவிட்டால், பாத்துக்கு நினைவே இல்லை என்று கொள்ளும் லிண்ட்பிளாட் சமன்பாடு அங்கே செல்லாது. காலப்படியைப் பாதியாக்கி ஓட்டுங்கள். சுழற்சியும் கூடவே பாதியானால், நீங்கள் அளந்தது உங்கள் காலப்படியைத்தான்.